வழியில் வேலை பார்ப்பது யார்?

1870-71-ல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடியில் தந்திக் கேபிள் போட்டார்கள். வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்த அந்தக் கேபிள் அந்தமானிலும் கரையேறவில்லை, நிக்கோபாரிலும் கரையேறவில்லை. போர்ட் பிளேரில் கைதிகளைக் குடியேற்றத் தொடங்கி அப்போது பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கைதிகளுக்கு எதற்குத் தந்தி என்று நினைத்தார்களோ என்னவோ. சென்னையிலிருந்து கிளம்பிய கேபிள் ஒன்று எங்கள் கரையில் ஏற 2020 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த வருஷம் ஆகஸ்ட் 10-ஆம் தேதி பிரதமர் தொடங்கி வைத்த கேபிளுக்கு நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். அது போர்ட் பிளேருக்கு வந்து, ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் எனத் தீவு தீவாகப் போகிறது. லிட்டில் அந்தமானில் அது ஏறும் இடம் எங்கள் ஹட் பே.

நான் தொலைபேசி இலாகாவில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, சென்னையில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, மாற்றலில் கப்பல் ஏறி வந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பவில்லை. போன வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்கு அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். நெட்வொர்க் கம்பெனி ஒன்றில் வேலை. என்ன வேலை என்று கேட்டேன். "ஒரு புரோகிராமைத் துண்டு துண்டா வெட்டி, டேட்டா போற வழியில இருக்கிற பெட்டிகள்ல பிரிச்சு வைக்கிறது மாமா. ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு ஜாதி. எதுல எந்தத் துண்டு வைக்கலாம்னு கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். இதெல்லாம் இப்பத்தான் வந்திருக்கு" என்றான்.

அவன் சொன்னதில் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. வழியில் இருக்கும் பெட்டிகளிடம் வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழிலே. நான் கை வைத்த முதல் இயந்திரமே அப்படிப்பட்டது.

அது ஸ்ட்ரௌஜர். கான்சாஸ் சிட்டியில் சவ அடக்கம் செய்யும் தொழிலில் இருந்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர் 1891-ல் காப்புரிமை வாங்கியது. ஊர் எக்ஸ்சேஞ்சில் இருந்த ஆபரேட்டர் அம்மாள் போட்டிக் கடைக்காரரின் மனைவி, இவருக்கு வரும் அழைப்பையெல்லாம் புருஷன் கடைக்குத் திருப்பிவிட்டாள், அந்த ஆத்திரத்தில்தான் ஆளே இல்லாத எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. எவ்வளவு நிஜமோ தெரியாது. எங்கள் பயிற்சி வகுப்பில் எல்லா வாத்தியாரும் இதைச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குவார்கள்.

ஸ்ட்ரௌஜர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ரிசீவரை எடுத்ததும் உங்கள் லைனை ஒரு சுவிட்ச் தேடிப் பிடிக்கும், டயல் டோன் வரும். முதல் இலக்கமாக 4 சுழற்றினால் நாலு துடிப்பு போகும். முதல் குரூப் செலக்டர் நாலு படி மேலே ஏறும். ஏறியதும் யாரும் சொல்லாமலே பக்கவாட்டில் சுற்றி, அந்த வரிசையில் காலியாக இருக்கும் வழியைப் பிடித்து அடுத்த செலக்டரிடம் ஒப்படைக்கும். இரண்டாவது இலக்கத்துக்கு அந்த இரண்டாவது செலக்டர் இதே மாதிரி ஏறிச் சுற்றும். கடைசி இரண்டு இலக்கத்தையும் ஃபைனல் செலக்டர் வாங்கிக்கொள்ளும். ஒன்றுக்கு ஏறும், மற்றொன்றுக்குத் திரும்பும், மணியடிக்கும். நீங்கள் டயல் செய்த முழு எண் இந்த வரிசையில் எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தன் பங்குக்கு வந்த இலக்கம் மட்டும்தான் தெரியும். வேலை முழுக்க வழி நெடுகப் பரவிக் கிடந்தது. காலை பத்து மணிக்கு அந்த அறைக்குள் நின்றால் ஆயிரம் செலக்டர் ஏறி இறங்கும் சடசடப்பில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. எந்த வரிசையில் சத்தம் பிசகுகிறது என்று காதை வைத்தே கண்டுபிடிக்கிற மூத்தவர்கள் இருந்தார்கள்.

இதில் வசதியும் சங்கடமும் ஒரே இடத்திலிருந்து வந்தன. ஒரு செலக்டர் கெட்டால் அதன் வழியாக வரும் அழைப்பு மட்டும் தவறும்; எக்ஸ்சேஞ்ச் நிற்காது. ஆனால் எண் திட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் அந்தத் திட்டம் கம்பியாகவும் பித்தளையாகவும் ஊர் முழுக்க விரவிக் கிடக்கும். ஒரு இடத்தில் உட்கார்ந்து மாற்ற முடியாது.

அதனால் அடுத்து வந்த கிராஸ்பாரில் புத்தியைத் தனியே பிரித்து எடுத்தார்கள். ரெஜிஸ்டர் என்ற பெட்டி முழு எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளும். மார்க்கர் என்ற பெட்டி வழியை முடிவு செய்யும். சுவிட்சுகள் சொன்னதைச் செய்யும். இந்தியாவில் பெல்ஜியத் தொழில்நுட்பத்தோடு பெங்களூர் ஐ.டி.ஐ. செய்த பென்டகான்டா கிராஸ்பார் நம் ஊர்ப் போன் நெரிசலுக்குத் தாக்குப்பிடிக்காமல் திணறியதும், பிறகு நம்மவர்கள் அதைத் திருத்தி இந்தியன் கிராஸ்பார் என்று கொண்டுவந்ததும் தனிக் கதை. பிறகு பிரெஞ்சுக்காரர்களின் இ10பி வந்தது. அதற்காக உத்தரப் பிரதேசம் மன்காப்பூரில் தொழிற்சாலையே போட்டார்கள். தொண்ணூறுகளில் கதவு திறந்ததும் ஸ்வீடனின் ஏ.எக்ஸ்.இ.-10, ஜெர்மனியின் ஈ.டபிள்யூ.எஸ்.டி., அமெரிக்காவின் 5ஈ.எஸ்.எஸ்., ஜப்பான் சரக்கு இரண்டு, பிரான்சின் ஓ.சி.பி.-283 என்று டெண்டருக்கு ஒரு வகை வந்து இறங்கியது. பல ஜாதிப் பெட்டிகள் ஒரே பாதையில் உட்காருவதை யாரும் உட்கார்ந்து திட்டமிடுவதில்லை. வாங்கும் வருஷம் மாறுகிறது, பணம் கொடுக்கும் நாடு மாறுகிறது, அவ்வளவுதான். ஸ்ட்ரௌஜர் துடிப்பு மட்டும் அனுப்பும். எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் பல அதிர்வெண் கலந்த சிக்னலைக் கேட்கும். இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்க ஒரு ரேக் நிறைய ரிலே வைக்க வேண்டும். என் இளமையில் பாதி அந்த ரேக்குகளுக்கு முன்னால் போனது.

இந்தக் கூட்டத்தில் நம் ஆட்கள் நம் ஊருக்கென்று செய்த பெட்டியும் ஒன்று உண்டு. 1984 ஆகஸ்டில் சாம் பிட்ரோடாவின் முனைப்பில் சி-டாட் தொடங்கியது. 36 மாதம், 36 கோடி ரூபாய் என்று கணக்குக் கொடுத்து இறங்கினார்கள். 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் முதல் கிராமத் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் ஓடத் தொடங்கியது. 128 போர்ட் உள்ள சின்னப் பெட்டி. அதன் பெருமை மின்னணுவில் இல்லை, ஏ.சி. வேண்டாம் என்பதில் இருந்தது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு முதலில் குளிர்சாதன அறை கட்ட வேண்டும். அந்த அறைக்குக் கரண்டு வேண்டும். ஹட் பே மாதிரி, டீசல் ஜெனரேட்டர் போடும் கரண்டில் ஓடும் இடத்தில் அதெல்லாம் நடக்காது. டீசலும் கப்பலில்தான் வர வேண்டும்.

ஹட் பே எங்கே இருக்கிறதென்று சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேருக்குத் தெற்கே, டங்கன் நீரிணையைத் தாண்டி, லிட்டில் அந்தமானின் கிழக்குக் கரை. அதற்குக் கீழே பத்து டிகிரிக் கால்வாய், பிறகு கார் நிக்கோபார். தீவு ஓங்கே மக்களுடையது. இன்று அவர்கள் நூற்றுச் சொச்சம் பேர், டுகாங் கிரீக் பக்கம் இருக்கிறார்கள். பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியேற்றினார்கள், ஹார்மிந்தர் பேயில் நிக்கோபாரிகளை வைத்தார்கள், காட்டை வெட்டிச் செம்பனைத் தோட்டம் போட்டார்கள். வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்த தமிழர்கள் ஜெட்டிப் பக்கம் கடை போட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் மொத்தம் பதினெட்டாயிரத்துச் சொச்சம் பேர். இந்த ஊரில் போன் என்பது அந்தக் காலத்தில் உள்ளூர் போன்தான். ஆஸ்பத்திரி, போலீஸ், ஜெட்டி, வனத்துறை, நாலைந்து கடை. வெளியே போகும் சர்க்கிட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மழைக்காலத்தில் ஆகாயம் இருண்டால் அதிலும் பாதி போகும். உப்புக்காற்றில் கார்டுகளின் கால்கள் பச்சை பூக்கும். அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்துப் போடுவோம்.

இங்கேதான் என் அக்கா மகனுக்குச் சொல்ல நினைத்த விஷயம் இருக்கிறது. பெரிய டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் எல்லாமே தங்கள் கையைத் தூரத்துக்கு நீட்டிவைக்கும். தாய் எக்ஸ்சேஞ்ச் நகரத்தில் இருக்கும், தூரத்து ஊரில் ஒரு ரிமோட் யூனிட் இருக்கும், இரண்டையும் ஒரு இணைப்பு கட்டியிருக்கும். எந்த வேலையைத் தாய் செய்வது, எதைப் பிள்ளை செய்வது என்பதில்தான் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி. சில வகை ரிமோட்டில் சுயபுத்தி கொஞ்சமும் கிடையாது. அடுத்த வீட்டுக்குப் போன் போட்டாலும் குரல் தாய் வரை போய்த் திரும்பி வரும். இணைப்பு அறுந்தால் ஊரே ஊமை. சி-டாட்டின் ரிமோட் யூனிட் அப்படியில்லை. அதன் உள்ளேயே சுவிட்ச் உண்டு, அதற்கென்று பிராசஸர் உண்டு. தாயோடு தொடர்பு அறுந்தாலும் உள்ளூர் அழைப்புகளை அதுவே இணைத்துக் கொடுக்கும். பில் கணக்கு, புது இணைப்பு மாதிரி விஷயங்கள்தான் தாய் வரும்வரை காத்திருக்கும். இணைப்பு அறுவது அன்றாடம் என்று தெரிந்தவர்கள் வேலையைப் பங்கு போட்டால் இப்படித்தான் போடுவார்கள். வேலையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வேகத்தை மட்டும் பார்த்து விடை சொன்னவர்கள் ஒரு மாதிரியும், அறுவதைப் பார்த்துச் சொன்னவர்கள் இன்னொரு மாதிரியும் பெட்டி செய்தார்கள்.

செயற்கைக்கோள் வந்தபிறகு வழியில் செய்யும் வேலை இன்னும் கூடியது. 1983-ல் இன்சாட்-1பி மேலே போனபிறகு தீவுகளுக்கு ஆகாயவழி பேச்சு மெல்ல மெல்லப் பெருகியது. ஆனால் செயற்கைக்கோள் சர்க்கிட் விலை தங்க விலை. அதனால் இரண்டு முனையிலும் டி.சி.எம்.ஈ. என்ற பெட்டியை வைப்பார்கள். ஒரு ஆள் பேசும்போது எதிர்முனை ஆள் சும்மா இருக்கிறார் இல்லையா? அந்த மௌனத்தைக் கண்டுபிடித்து, அந்த இடைவெளியில் இன்னொருவர் பேச்சை நுழைக்கும். குரலையும் சுருக்கும். ஒரு சர்க்கிட்டில் நாலைந்து பேர் பேசுவார்கள், அவர்களுக்கே தெரியாது. நெரிசல் மிஞ்சினால் வார்த்தையின் முதல் எழுத்து கடிபடும்.

இணையம் வந்ததும் இன்னொரு தொல்லை முளைத்தது. பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் நிற்கிறது. ஒரு தடவை ஏறி இறங்கக் கால் வினாடி, பதில் வரக் கால் வினாடி. இணையத்தின் டி.சி.பி. முறையில் அனுப்புகிறவர் கொஞ்சம் அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற பதிலுக்குக் காத்திருப்பார். அரை வினாடிக்கு ஒரு பதில் என்றால் வழி காலியாகக் கிடந்தும் வண்டி ஓடாது. இதற்கு உலகெங்கும் செயற்கைக்கோள்காரர்கள் செய்த வித்தை: வழியில் ஒரு பெட்டி, எதிர்முனை சொல்வதற்கு முன்பே "கிடைத்தது" என்று தானே பொய்ப் பதில் சொல்லி, அனுப்புகிறவரைத் தொடர்ந்து அனுப்பவைக்கும். சரக்கைத் தன் பொறுப்பில் வைத்துக் கடத்தும். 2001-ல் இதை ஒரு இணைய ஆவணமாகவே எழுதிவைத்தார்கள். ஆவணத்தை எழுதியவர்களுக்கே கொஞ்சம் கூச்சம்தான். எங்கெல்லாம் இது விதியை மீறுகிறது என்று பக்கம் பக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

என்ன விதி? இணையத்தைக் கட்டியவர்களிடம் ஒரு கோட்பாடு உண்டு. சால்ட்ஸர், ரீட், கிளார்க் என்ற மூவர் 1984-ல் எழுதிய கட்டுரை அதற்கு வேதம். சரியாக வந்து சேர்ந்ததா என்று முனையில் இருப்பவரால்தான் முழுதாகச் சொல்ல முடியும், ஆகவே புத்தி முனையில் இருக்கட்டும், வழி வெறும் வழியாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். கடலடிக் கேபிளும் அதே திசையில்தான் போனது. 1988-ல் அட்லாண்டிக்கில் போட்ட முதல் கண்ணாடி இழைக் கேபிளில், வழியில் உள்ள ஒவ்வொரு பெட்டியும் ஒளியை மின்சாரமாக்கி, படித்து, திருத்தி, மறுபடி ஒளியாக்கி அனுப்பியது. 1996 வாக்கில் வந்த கேபிள்களில் அந்த மூளையை எடுத்துவிட்டு, ஒளியை ஒளியாகவே பெருக்கும் இழையை வைத்தார்கள். எர்பியம் கலந்த கண்ணாடி. அதற்குப் படிக்கத் தெரியாது. கரையில் கருவியை மாற்றினால் போதும், கடலுக்குள் இருப்பதைத் தொடாமலே வேகத்தைக் கூட்டலாம். எங்கள் கேபிளும் இந்த இனம்தான். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நேர் தூரம் 1,400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியானால் ஏழு மில்லி வினாடி. கால் வினாடிக்குப் பதில் ஏழு மில்லி வினாடி என்றபிறகு பொய்ப் பதில் சொல்லும் பெட்டிக்கு வேலை ஏது? போர்ட் பிளேருக்கு 400 ஜிகாபிட், மற்ற தீவுகளுக்கு 200 ஜிகாபிட் என்று அறிவித்தபோது, மௌனத்தில் பேச்சை நுழைத்த காலம் எனக்கே கெட்ட கனவு மாதிரித் தோன்றியது.

வழி குறுகலாக இருந்ததால்தான் நாங்கள் வழியில் கணக்குப் போட்டோம். வழி அகலமானதும் அது போயிற்று. இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அக்கா மகன் சொன்னதைக் கேட்டால், அகலமான வழி இருக்கும் இடத்தில்தான் அது திரும்ப முளைத்திருக்கிறது.

அவன் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். தொண்ணூறுகளிலேயே எம்.ஐ.டி.யில் டென்னன்ஹவுஸ், வெத்தரால் என்ற இருவர், டேட்டாவைச் சுமக்கும் பாக்கெட்டுகள் தங்களோடு புரோகிராமையும் தூக்கிக்கொண்டு போகட்டும், வழியில் உள்ள பெட்டி அதை ஓட்டட்டும் என்றார்கள். யார் புரோகிராமையும் நம்பி ஓட்ட எந்தக் கம்பெனிக்கும் தைரியம் வரவில்லை. பிறகு ஸ்டான்ஃபோர்டில் நிக் மெக்கௌன் குழு 2008-ல் ஓப்பன்ஃப்ளோ கொண்டுவந்தது. மார்க்கரைச் சுவிட்சிலிருந்து பிரித்த எங்கள் கிராஸ்பார் யோசனை அதில் இருப்பதாக எனக்குப் பட்டது. 2014-ல் பி4 என்ற மொழி. அதை முன்வைத்தவர்களில் மெக்கௌன், பிரின்ஸ்டனின் ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்ட், மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த ஜார்ஜ் வர்கீஸ் எல்லாரும் உண்டு. 2016-ல் பேர்ஃபுட் கம்பெனி டோஃபினோ என்ற சில்லை அறிவித்தது. வினாடிக்கு 6.5 டெராபிட், நடத்தையைப் பி4-ல் எழுதி மாற்றலாம்.

அதன் உள்ளமைப்பை அவன் காகிதத்தில் வரைந்து காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வரிசையாகப் பன்னிரண்டு நிலைகள். பாக்கெட் ஒவ்வொரு நிலையாகப் போகும். ஒவ்வொரு நிலையும் தனக்குரிய ஒரு புலத்தைப் பார்த்து, தன் அட்டவணையில் ஒப்பிட்டு, ஒரு சின்னச் செயலைச் செய்து அடுத்ததிடம் தள்ளும். திரும்பிப் போக முடியாது. "டேய், இது ஸ்ட்ரௌஜர்டா" என்றேன். "மாமா, ஒரு நிலைக்கு ஒரு நானோவினாடிதான் டைம்" என்றான். சரி, அது மட்டும் வித்தியாசம்.

அந்த ஒரு நானோவினாடியில் பெருக்கல் கூடச் சரிவர வராது, சுழற்சி எழுத முடியாது, நினைவகம் கொஞ்சம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அனிருத் சிவராமனும் கூட்டாளிகளும் 2016-ல் வெளியிட்ட டோமினோ என்ற மொழியின் கம்பைலர் ரொம்பக் கறார்: எழுதியது முழு வேகத்தில் ஓடுமென்றால் ஏற்றுக்கொள்ளும், இல்லையென்றால் தள்ளிவிடும், மெதுவாக ஓட்டித் தருகிறேன் என்ற சமாதானமே கிடையாது. ஆனாலும் இந்த இடுக்குக்குள் உருப்படியான காரியங்கள் செய்தார்கள். 2017-ல் நெட்கேஷ் என்று ஒன்று. அதிகம் கேட்கப்படும் தகவல்களை மட்டும் சுவிட்சே ஞாபகம் வைத்துக்கொண்டு, சர்வர் வரை போகாமல் வழியிலேயே பதில் சொல்லிவிடும். பழைய டிரங்க் ஆபரேட்டர் அம்மாளுக்கு டாக்டர் வீட்டில் இல்லை, கிளப்பில் இருக்கிறார் என்று போன் போடாமலே தெரியும், அதே சங்கதி. மெலனாக்ஸின் ஷார்ப் என்பது இன்னொன்று. நூற்றுக்கணக்கான கணினிகள் தங்கள் தங்கள் எண்களைக் கூட்ட வேண்டும் என்றால், எல்லா எண்ணும் ஒரு இடத்துக்குப் போய்க் கூட்டாமல், வழியில் உள்ள ஒவ்வொரு சுவிட்சும் தன்னிடம் வந்ததைக் கூட்டி ஒரே எண்ணாக மேலே அனுப்பும். செயற்கை அறிவு மாதிரிகளைப் பழக்கும் இடங்களில் இதற்கு இன்று பெரிய மவுசு. வழி என்னதான் அகலமானாலும் அனுப்புகிறவர்கள் அதைவிட வேகமாகப் பெருத்துவிட்டார்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். குறுகல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

இப்போது அவன் வேலைக்கு வருகிறேன். ஒரு சுவிட்சுக்குள் அடங்காத புரோகிராமை என்ன செய்வது? வழியில் பல பெட்டிகள் இருக்கின்றனவே, பிரித்து வை. ஆனால் ஒன்று டோஃபினோ. அசுர வேகம், கொஞ்ச ஞாபகம். அடுத்தது கணினியின் நெட்வொர்க் கார்டிலேயே பிராசஸர்களை நிரப்பிய வகை. மெதுவானது, ஆனால் சுழற்சி எழுதலாம். மூன்றாவது எஃப்.பி.ஜி.ஏ. என்ற சில்லு; எதை வேண்டுமானாலும் செய்யும், ஒரு மாற்றத்துக்குக் கம்பைல் செய்ய மணிக்கணக்கில் எடுக்கும். முதல் துண்டு கண்டுபிடித்த இடைக்கால விடையை அடுத்த துண்டுக்குச் சேர்க்க, பாக்கெட்டின் தலையிலேயே ஏற்றி அனுப்ப வேண்டும். அது இடத்தைத் தின்னும். பாக்கெட்டுகள் பல வழியில் போகும் என்பதால், எந்த வழியில் போனாலும் எல்லாத் துண்டும் சரியான வரிசையில் எதிர்ப்பட வேண்டும். கையால் செய்தால் ஆயுசு போதாது. 2020-ல் அலிபாபா ஆட்கள் லைரா என்று ஒன்று கொண்டுவந்தார்கள்: முழுப் பாதையையும் ஒரே நீளக் குழாயாக நினைத்து எழுது, எந்தச் சில்லுக்கு எது என்று கம்பைலர் பிரித்துக்கொள்ளும். 2021-ல் ஃப்ளைட்பிளான். 2023-ல் கிளிக்-ஐ.என்.சி., அதே வருஷம் ஆக்ஸ்ஃபோர்டில் நோவா சில்பர்மன் குழுவின் டிங்க். இந்தக் கடைசி வகையில் புரோகிராமை வெட்டுவதையும் இடம் ஒதுக்குவதையும் ஒரு கணிதச் சமன்பாட்டுக் கூட்டமாக எழுதி, குறைந்த செலவில் எல்லா நிபந்தனையும் பொருந்தும் விடையைக் கணினியே தேடிக்கொள்கிறது. நாங்கள் ஜங்ஷன் பட்டியலை வைத்துக்கொண்டு பென்சிலால் செய்ததுதான். பென்சிலால் செய்தபோது தப்பும் அதிகம்.

இவற்றில் ஃப்ளைட்பிளான் எனக்குப் பிடித்துப்போனது. துண்டுகளைப் பிரித்து வைப்பதோடு நிற்காமல், துண்டு வைத்த பெட்டிகளில் ஒன்று செத்தால் என்ன செய்வது என்றும் அது கேட்கிறது. வெள்ளைக்கோட்டு ஆராய்ச்சியில் இந்தக் கேள்வி அபூர்வம். பெட்டிகள் சாகும், கம்பெனிகளும் கைவிடும். பேர்ஃபுட்டை 2019-ல் இன்டெல் வாங்கியது. 2023 தொடக்கத்தில் டோஃபினோவை மேற்கொண்டு வளர்ப்பதை நிறுத்திவிட்டது. உலகமெல்லாம் அதை நம்பி ஆராய்ச்சி எழுதியவர்கள் திகைத்துப் போனார்கள். உதிரிக் கார்டு வராத இ10பி எக்ஸ்சேஞ்சைக் கட்டிக்கொண்டு மாரடித்த எங்களுக்கு அது புதிதில்லை. பல ஜாதிப் பெட்டியிலும் ஓடும்படி எழுத வேண்டியது அழகுக்காக இல்லை, ஏதோ ஒரு ஜாதி நாளைக்கு இருக்காது என்பதற்காக.

2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. கரையோர ஹட் பே போயிற்று. ஜெட்டியும் அலைதடுப்புச் சுவரும் உடைந்தன. மேட்டுக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். தீவுகளின் போன் இணைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அப்போது ஹாம் ரேடியோ நிகழ்ச்சி ஒன்றுக்காகத் தற்செயலாகப் போர்ட் பிளேர் வந்திருந்த பாரதி பிரசாத், தன் கருவியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்து செய்திகளை வாங்கி, எது அவசரம், எது யாருக்கு என்று பிரித்து, இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பினார். வழியில் உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கும் அந்தப் பழைய வேலையை அன்று ஒரு மனுஷிதான் செய்தார். எந்தப் பெட்டியும் செய்யவில்லை.

கேபிள் வந்தபிறகு வாழ்க்கை சுலபமாகியிருக்கிறது, மறுக்கவில்லை. முன்பெல்லாம் இங்கே ஒரு வங்கியில் "லிங்க் இல்லை" என்ற அட்டை கதவிலேயே நிரந்தரமாகத் தொங்கும். பென்ஷன் எடுக்க வந்த கிழவிகள் திண்ணையில் படுத்துக் கிடப்பார்கள். இன்று மீன் கடையிலும் க்யூ.ஆர். அட்டை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? நான் இதே தீவில் ஆர்.கே.புரத்தில் இருக்கும் நண்பருக்கு வாட்சாப்பில் ஒரு வரி அனுப்பினால் அது தீவை விட்டு வெளியே போய்த்தான் திரும்பி வருகிறது. மீன்காரருக்கு நான் கொடுக்கும் நாற்பது ரூபாயும் அப்படித்தான். சுயபுத்தி இல்லாத அந்தப் பழைய ரிமோட் யூனிட் மாதிரி ஊர் முழுக்க ஆகிவிட்டது. கேபிள் அறுந்தால், ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பேர் பேச முடியாது. அந்தப் பேச்சைத் தனியாகவே இணைத்துக் கொடுப்பது தொண்ணூறுகளில் சி-டாட் பெட்டி செய்துகாட்டிய காரியம்.

இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். துண்டுகளை எங்கெங்கே வைப்பது என்று முடிவு செய்ய நீங்கள் எழுதும் நிபந்தனைகளில் வேகம் இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, செலவு இருக்கிறது. அவற்றோடு, வெளி இணைப்பு போன நாளில் அந்த ஊருக்குள் எது தனியாக ஓடியே ஆக வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாக எழுதுங்கள். போர்ட் பிளேரிலோ ஹட் பேயிலோ கேபிள் ஏறும் கட்டடத்தில் இரண்டு பெட்டி கூடுதலாக வைக்க இடமில்லாமல் இல்லை. ஆஸ்பத்திரியும் ஜெட்டியும் பேசிக்கொள்ளவாவது அவற்றில் ஒரு துண்டை வைத்துவிட்டுப் போங்கள்.